தீர்ப்பில் இல்லாத அம்மாக்கள்

தீர்ப்புகளைப் படிப்பது எனக்குப் பழக்கமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். சட்டம் படித்தவன் இல்லை, பி.இ. முடித்து நிரல் எழுதிப் பிழைக்கிறவன். வேறு யாரோ எழுதிய பழைய நிரலைக் கையில் கொடுத்தால், அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு முன்னாடியே, எழுதினவர் யாரை யோசிக்காமல் விட்டார் என்று தேடுகிற புத்தி எங்களுக்கு வந்துவிடும். தீர்ப்பையும் அதே கண்ணோடுதான் படிக்கிறேன். வக்கீல் நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இந்தப் பதிவு ஒரு தீர்ப்பைப் பற்றியது. 2017 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா அமர்வு கொடுத்தது. வழக்கின் பெயரே தமிழ்நாட்டைச் சொல்லும்: தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து. ரிட் மனு எண் 102, வருஷம் 2007. இன்னும் சரியாகச் சொன்னால் அது நம்ம மாமல்லபுரத்து வழக்கு. 2007-இல் இங்கிருந்த இல்லங்களில் குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்று நாளிதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அதை ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி வைத்தார். நீதிமன்றம் அதையே பொதுநல மனுவாக எடுத்துக்கொண்டது. பத்து வருஷம் ஓடியது.

கடற்கரைக் கோயிலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊர், இந்தியா முழுக்க உள்ள குழந்தைகள் இல்லங்களுக்கான விதிகளை மாற்றிய வழக்குக்குப் பிறந்த வீடு என்று இங்கேயே எத்தனை பேருக்குத் தெரியும்? செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்பதற்கு இளைஞர் நீதிச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத குழந்தைக்கும் பாதுகாப்பு உண்டு, பட்டியல் உதாரணம்தான் என்று நீதிமன்றம் விரித்துச் சொன்னது. எல்லா இல்லங்களையும் அந்த வருஷக் கடைசிக்குள் பதிவு செய்யச் சொன்னது. ஜூலை 31-க்குள் ஆய்வுக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம், சமூகத் தணிக்கை, பணியாளர்களுக்குப் பயிற்சி, இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் கடமை என்று எல்லாம் இருக்கிறது. கெடு தேதிகளோடு இருக்கிறது. மாநில அரசுகள் என்ன செய்தன என்பது வேறு கதை.

இப்போது என் குறை. இந்த வழிமுறைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒன்றிய அரசு வருகிறது, மாநில அரசு வருகிறது, உயர் நீதிமன்றக் குழுக்கள் வருகின்றன, ஆணையங்கள் வருகின்றன, தொண்டு நிறுவனங்கள் வருகின்றன, குழந்தை வருகிறது. அந்தக் குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து இல்லத்து வாசலில் விட்டுவிட்டுப் போன அம்மாவுக்கு என்று ஒரு வழிமுறையும் இல்லை. அவளுக்கு ஒரு உரிமையும் இல்லை, ஒரு கடமைகூட இல்லை. தலைப்பில் அனாதை இல்லம் என்று போட்டாகிவிட்டது. அப்புறம் அம்மா எங்கிருந்து வருவாள்?

இந்த அனாதை என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கணும். 2015-ஆம் வருஷச் சட்டம் அனாதைக்கு இரண்டு அர்த்தம் கொடுக்கிறது. பெற்றவர்களோ, தத்தெடுத்தவர்களோ, சட்டப்படியான பாதுகாவலரோ இல்லாத குழந்தை ஒன்று. பாதுகாவலர் இருந்தும் அவருக்கு வளர்க்க விருப்பமோ திராணியோ இல்லாத குழந்தை இரண்டாவது. அந்த 'திராணி இல்லாத' என்கிற இடத்தில் வறுமை சத்தமில்லாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. அரசே 2016-17-இல் நாடு முழுக்க இல்லங்களைக் கணக்கெடுத்தது. 9,589 இல்லங்கள், 3,77,649 குழந்தைகள். அவர்களில் உண்மையான அனாதைகளைவிட, அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் மட்டும் இருக்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

இதற்கு இன்னும் பலமான ஆதாரம் கொரோனா காலத்தில் கிடைத்தது. தொற்று ஆரம்பித்தபோது இல்லங்களில் இருந்த குழந்தைகள் 2,27,518 பேர். அவர்களில் 1,45,788 பேரைக் குடும்பத்தினரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பிவிட்டார்கள் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. நூற்றுக்கு அறுபத்து நான்கு. மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குப் போக ஒரு வீடு இருந்தது, கதவைத் திறக்க ஒருத்தர் இருந்தார். அந்த ஒருத்தரிடம் யாராவது முன்னாடி பேசினார்களா, என்ன வேலை செய்கிறார், ராத்திரி ஷிஃப்டா என்று கேட்டார்களா? படிப்புச் செலவுக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். நல்ல உத்தரவு. ஆனால் பிள்ளைகளை அனுப்பின பிறகு வந்த உத்தரவு.

நம்ம பக்கத்து ஜனங்கள் யாரும் அனாதை இல்லம் என்று சொல்லவே மாட்டார்கள். கவனித்துப் பாருங்கள். "புள்ளைய ஹாஸ்டல்ல போட்டிருக்கேன்" என்பார்கள். கொஞ்சம் மனசுவிட்டுப் பேசினால் "ஹோம்ல இருக்கான்" என்பார்கள். அந்த இல்லத்து வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அவர்கள் கணக்கில் அது ஹாஸ்டல்தான். மூணு வேளைச் சோறு, இங்கிலீஷ் மீடியம் சீட், ராத்திரியில் பூட்டு உள்ள கதவு. இந்த மூன்றும் தன் வீட்டில் இல்லாதபோது ஒரு அம்மா எடுக்கிற முடிவு அது. சூளையில் ஆறு மாதம் தங்கி செங்கல் அறுக்கிற குடும்பத்துக்கும், ரெசார்ட்டில் வேலை பார்க்கும் தனி ஆளான அம்மாவுக்கும் அதுதான் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. பணக்காரர் பிள்ளையை ஊட்டியில் கொண்டுபோய்விட்டால் அதற்கு போர்டிங் ஸ்கூல் என்று பெயர். அங்கே பெற்றோர் தினம் கொண்டாடுவார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் படிப்பு இல்லை, வெட்கம். சில வருஷம் முன்னாடி என் மகளின் பிறந்தநாளுக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டோம். அலுவலகத்தில் எல்லோரும் செய்வதுதான். பணம் கட்டி ரசீது வாங்கினால் பிரிஞ்சி, தயிர்சாதம், ஒரு ஸ்வீட் வரும். கேக் நாமே கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து என் மகளுக்கு ஹேப்பி பர்த்டே பாடினார்கள். போட்டோ எடுத்துக்கொண்டோம். போன் பேச வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஜவுளிக்கடைப் பை.

"உள்ள சாப்பாடு ஆவுது, நீங்களும் வாங்கம்மா" என்றேன், இல்லத்து ஆயா என்று நினைத்துக்கொண்டு.

"இல்ல சார், புள்ளையப் பாக்க வந்தேன். உள்ள ஃபங்ஷனாம். முடிஞ்சதும் கூப்புடுறோம்னாங்க."

அன்றைக்கு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பார்வை நாள். பத்து மணிக்கு வந்திருக்கிறார். நான் வெளியே வந்தபோது மணி ஒன்று. அந்த ஃபங்ஷன் என்னுடையது. ரெசார்ட்டில் பாத்திரம் கழுவுகிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம், லீவு போட்டால் அன்றையக் கூலி போனது போனதுதான். பையில் இருந்தது ஒரு பாவாடை சட்டை. பிறகு அவர் மகள் வந்ததும் அதை இடுப்பில் வைத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. என்னைப் பார்த்து, ஏதோ தப்பு செய்தவர் மாதிரி, "முந்தி வந்தப்ப இருந்த அளவு சார். வளந்துட்டா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கு.

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். பிள்ளைகளை இல்லத்தில் விட்ட பெற்றோருக்கு என்ன ஆகிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லத்தில் வளரும் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதற்கு நூலகம் நிறைய இருக்கிறது. ஜான் பவுல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நூலில் ஆரம்பித்து, ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் நடந்த நீண்ட ஆய்வு வரைக்கும். எல்லாம் தாயை இழந்த குழந்தையைப் பற்றி. (பவுல்பியைக் குறை சொல்லக் கூடாது. இல்லத்துக்குக் கொட்டுகிற காசைக் குடும்பத்துக்கே கொடுக்கலாமே என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர் அவர். அந்த அத்தியாயத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.) குழந்தையை இழந்த தாயைப் பற்றித் தேடினால், திரும்பத் திரும்ப ஒரு புத்தகத்தில்தான் போய் நிற்கிறோம். 1972-இல் ஷெர்லி ஜென்கின்ஸ், எலைன் நார்மன் என்ற இரண்டு பேர் நியூயார்க் பெற்றோரிடம் பேசி எழுதியது. பிள்ளை வேறு கைக்குப் போன நாளில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். கேள்வி அவ்வளவுதான். அதுவரைக்கும் பெரிதாக யாரும் கேட்டிருக்கவில்லை.

அதிகம் பேர் சொன்னது துக்கம். அதில் ஆச்சரியமில்லை. ஆனால் துக்கத்தோடு கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது, நன்றியும் இருந்தது. ஒரே ஆளிடம் இதில் பலதும் ஒன்றாக இருந்தது. பிள்ளை எந்தக் காரணத்துக்காகப் போனான் என்பதைப் பொறுத்துக் கலவை மாறியது. இந்த நிலைக்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் 'பிள்ளை இழப்பு' என்று சொன்னால் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். 'பிள்ளை இல்லாமை' என்றால் மலடு என்று நினைப்பார்கள். நம்மிடம் சொல் இல்லை. 'பிள்ளைய விட்டுட்டா' என்ற வசை மட்டும் இருக்கிறது.

எனக்கு அந்த நிம்மதியும் நன்றியும்தான் முக்கியமாகப் பட்டது. அழுகிற அம்மாவை எல்லோருக்கும் புரியும். படம் எடுக்கலாம், நன்கொடைக் கடிதத்தில் போடலாம். 'ராத்திரி ட்யூட்டிக்குப் போறப்ப இப்ப பயமில்ல சார்' என்று சொல்கிற அம்மாவை என்ன செய்வது? உடனே அவள் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறாள் என்று ஆகிவிடும். நன்றி இன்னும் மோசமான விஷயம். இலவசமாகச் சோறு போட்டுப் படிக்க வைக்கிறார்கள் என்கிற நன்றி இருக்கிற இடத்தில் கேள்வி கேட்க வாய் வராது. பிள்ளையின் கையில் ஒரு தழும்பைப் பார்த்தால், 'விளையாடறப்ப விழுந்திருப்பான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். கேட்டுவிட்டால் "அப்ப கூட்டிட்டுப் போயிடுங்க" என்று ஒரு வார்த்தை வருமே, அதற்குப் பதில் அவளிடம் இல்லை.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற உளவியலாளர், ஆள் இருந்தும் இல்லாத, இல்லாமலும் இருக்கிற இழப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பத்தில் அவர் ஆரம்பித்தார். சாவு என்றால் பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது, ஊர் வந்து உட்காரும். பிள்ளை நாற்பது கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இருக்கிறபோது யார் வந்து துக்கம் கேட்பார்கள்? கேட்க மாட்டார்கள். மாமியார் வீட்டில் கேட்பது "எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்று.

தீர்ப்பின்மேல் எனக்கு இருக்கிற குறை இந்த மனசு சமாச்சாரம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். நீதிமன்றம் ஆறுதல் சொல்லும் இடம் இல்லை. ஆனால் மாமல்லபுரத்து வழக்கில் கேள்வியே, மூடிய கதவுக்குப் பின்னால் குழந்தைக்கு நடப்பதை யார் கண்டுபிடிப்பது என்பதுதான். அதற்குத் தீர்ப்பு சொல்லும் விடை ஆய்வுக் குழு. சட்டத்தின் 54-ஆம் பிரிவு. மூன்று பேராவது இருக்க வேண்டும், ஒருவர் பெண், ஒருவர் மருத்துவர். வருவார்கள், பதிவேடு பார்ப்பார்கள், கழிப்பறை எண்ணுவார்கள், போவார்கள். மாதா மாதம் அந்த வாசலுக்கு வருகிற, பிள்ளையின் எடையைக் கண்ணாலேயே நிறுத்துவிடுகிற, குரலில் ஒரு மாற்றம் இருந்தால் கண்டுபிடித்துவிடுகிற ஆள் ஒருத்தி இருக்கிறாளே, அவளை ஆய்வின் பகுதியாக்க யாருக்கும் தோன்றவில்லை. மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளின்படி இல்லத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் அதிகாரி இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், குழந்தைகளின் பிரதிநிதிகள்கூட இருக்கிறார்கள். பெற்றோர் இல்லை.

இதை இன்னொரு சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருந்தே ஆகவேண்டும். நம்ம ஊர் பள்ளிகளில் 2022-இல் அந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள், நானே ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கழிப்பறைத் தண்ணீர் பற்றி ஒரு அம்மா தலைமையாசிரியரை ஒரு பிடி பிடித்தார். அதே அம்மாவின் இன்னொரு பிள்ளை பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு இல்லத்தில் இருந்தால்? அங்கே அவர் வேப்பமரத்தடியில் உட்காரணும். காலை ஒன்பதிலிருந்து நாலு வரைக்கும் பிள்ளை இருக்கும் இடத்தில் 75 சதவீதம் குரல். இருபத்து நாலு மணி நேரமும் இருக்கும் இடத்தில் பூஜ்யம்.

செங்கல்பட்டுக்காரனுக்கு இந்தப் பூஜ்யத்தின் பூர்வீகம் தெரியும். எங்கள் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சீர்திருத்தப் பள்ளி வந்துவிட்டது. 1920-இல் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம், இந்தியாவிலேயே முதலாவது, வந்த பிறகு பெயர் மாறியது. இன்றைக்குச் சிறப்பு இல்லம், கூர்நோக்கு இல்லம் என்கிறார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது சேட்டை பண்ணினால் 'செங்கல்பட்டுல கொண்டுபோய் விட்டுடுவேன்' என்று மிரட்டுவார்கள். நான் செங்கல்பட்டிலேயே இருந்ததால் எனக்கு அது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அந்தப் பள்ளிகள் பிறந்த காலத்து இங்கிலாந்தின் தத்துவம் ரொம்ப எளிமையானது: பிள்ளை கெட்டது பெற்றவர்களால், ஆகவே பெற்றவர்களிடமிருந்து பிரித்தால் திருந்துவான். சுதந்திரத்துக்கு நாற்பது வருஷம் கழித்து வந்த 1986 இளைஞர் நீதிச் சட்டத்தில்கூட, வசதி இருந்தால் பிள்ளையின் பராமரிப்புக்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட இடம் இருந்தது. பெற்றோரை அந்தச் சட்டம் கூப்பிட்டதே பில் கொடுக்கத்தான். 2015 சட்டம் பேச்சை மாற்றிக்கொண்டது உண்மை. குடும்பத்துக்கே முதல் பொறுப்பு, இல்லம் கடைசி வழி என்று கொள்கைப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நடைமுறையில் சமூக விசாரணை அறிக்கை என்று ஒரு படிவம் நிரப்புகிறார்கள். குடும்பத்தில் உறவு எப்படி, வாழும் நிலை எப்படி, குற்றப் பின்னணி உண்டா என்று கேள்விகள். பிள்ளையை விட்ட பிறகு உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்க ஒரு கட்டம் போட்டிருக்கலாம்.

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடித்துக் கொண்டுவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பெயரைச் சொல்லக் கூடாது என்கிறது சட்டம், சொல்லவில்லை. உடம்பில் காயங்கள் இருந்தன. அடித்துக் கொன்றதாக இல்லத்துப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று ஆராயச் சொன்னது அரசு. அந்தச் செய்திகளை அப்போது நாள்தோறும் படித்தேன். உடம்பு சரியில்லை என்ற முதல் விளக்கத்தோடு விஷயம் முடியாமல் போனதற்குக் காரணம், அந்தப் பையனின் அம்மா அதை ஒப்புக்கொள்ளாததுதான். 2017 தீர்ப்பு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அது போடச் சொன்ன குழுக்களும் தணிக்கையும் பயிற்சியும் அந்த இரண்டு நாளில் அந்தப் பையனுக்கு உதவவில்லை. கடைசியில் வழக்கை நிறுத்திப் பிடித்தது, தீர்ப்பு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத ஆள்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. பெற்றவர்களே பிள்ளையை விற்கிறார்கள், அடிக்கிறார்கள், அதைவிட மோசமானதும் செய்கிறார்கள். அவர்களைக் குழுவில் போட்டால் என்ன ஆகும்? இதே மாமல்லபுரம் வழக்கு போகிற வழியில் கன்னியாகுமரி விவகாரமும் வந்து சேர்ந்தது: அசாம், மணிப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட 76 குழந்தைகளை 2010-இல் அங்கே ஒரு இல்லத்திலிருந்து மீட்டார்கள். அந்த மாநிலங்களிலிருந்து சின்னப் பிள்ளைகளைப் படிப்புக்கு என்று வெளி மாநிலம் அனுப்பக் கூடாது என்று அந்த வருஷம் செப்டம்பரில் நீதிமன்றம் தடை போட்டது. நியாயமான தடை. ஆனால் அந்தப் பெற்றோர் பிள்ளையை எதற்காக ஒப்படைத்தார்கள்? இலவசப் படிப்பு என்று யாரோ வந்து சொன்னதை நம்பி. அவர்களை விற்றவர்கள் என்பதா, ஏமாந்தவர்கள் என்பதா? இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் பார்க்க ஒரு வழி வேண்டும். நம் சட்டத்தில் குழந்தைக்கு வகைகள் இருக்கின்றன. பெற்றோர் ஒரே மொத்தம். கொடுமைக்காரரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற, மாதா மாதம் தவறாமல் வருகிற அம்மாவையும் அதே வாசலில் நிறுத்தி வைப்பதற்கு அது காரணம் ஆகாது.

வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகளில் இருக்கிறது. நம்மிடமும் காசுக் கணக்கு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா வழிகாட்டியில் இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், வீட்டிலேயே வைத்து வளர்க்க ஸ்பான்சர்ஷிப் என்றால் 4,000. அதற்குக் குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்கணும். மாமல்லபுரத்து ரெசார்ட்டில் மாதம் 9,000 வாங்குகிற அம்மாவுக்கு வருஷம் 1,08,000. திட்டத்துக்கு அவள் பணக்காரி. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 வருகிறது. அப்பா செத்து, அம்மாவாலும் வளர்க்க முடியாத பிள்ளைக்கும் உண்டு. விட்டுவிட்டுப் போன அப்பனுக்குச் சான்றிதழ் யார் கொடுப்பது என்பதுதான் அடுத்த பஞ்சாயத்து. என் மேசையில் இருக்கிற மனு ஒன்றுக்காக அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறந்தநாள் சாப்பாடு போடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. பார்வை நாளில் போடுவதை மட்டும் நிறுத்தினோம். போன தடவை கையெழுத்துப் போடும்போது மேசையில் இரண்டு நோட்டு இருந்ததைக் கவனித்தேன். ஒன்று காலிகோ பைண்டு போட்டது, எங்களைப் போன்றவர்களுக்கு: பெயர், நிறுவனம், நன்கொடை, கடைசியில் 'தங்கள் மேலான கருத்து' என்று அகலமாக ஒரு பத்தி. இன்னொன்று நூறு பக்க கோடு போட்ட நோட்டு, ஸ்கேலை வைத்து வார்டன் கட்டம் போட்டது. பெயர், உறவுமுறை, வந்த நேரம், போன நேரம், கைநாட்டு. அதோடு பக்கம் முடிந்துவிடுகிறது.